இரண்டு இழுத்தால் இருக்கிறேன் என்று அர்த்தம்

பெற்ற மகளை நூலில் கட்டி அழைத்துப் போன தாய் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சாதாரண நூல் இல்லை. சுத்தமான பட்டு, அரக்கு நிறம், நான்கு இழை சேர்த்து முறுக்கியது. (“பட்டுல கட்டினா மட்டும் கட்டினது இல்லன்னு ஆயிடுமா?” என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் கேட்கிறார். கேட்பார். அந்த நூலை முறுக்கிக் கொடுத்தவரே அவர்தான்.)

அப்போது நான் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் ஐயம்பேட்டையில் ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். நாற்பத்திரண்டு பிள்ளைகள். சுற்றுலா போனால் பஸ்ஸில் ஏறும்போது ஒரு முறை தலை எண்ணுவேன், உட்கார்ந்ததும் ஒரு முறை, வேகத்தடையில் பஸ் குதித்தால் இன்னொரு முறை. அத்தனை வருட வேலையில் ஊரார் பிள்ளை ஒன்றைக்கூடத் தொலைத்ததில்லை. தொலைத்தது ஒன்றே ஒன்றைத்தான். அது என் சொந்தப் பிள்ளை.

வைகாசி கருட சேவை. என் மகள் தீபாவுக்கு ஏழு வயது. தூரத்தில் பெருமாளின் குடை தெரிந்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்வதற்காக அவள் கையை விட்டேன். இரண்டு கன்னத்திலும் போட்டு முடித்துவிட்டுக் கையை நீட்டினால் பக்கத்தில் அவள் இல்லை. காஞ்சிபுரத்துக் கருட சேவைக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பார்க்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அரை மணி நேரம் கழித்து, ஒரு பலூன்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்கு பலூன் ஊதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், “எங்கம்மா போயிருந்த?” என்று கேட்டாள்.

அவள் அழவில்லை. அவள் பங்குக்கும் சேர்த்து நான் அழுதேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம் வந்தது. கூட்டத்தில் பிரிந்துவிட்டால் அங்கே இங்கே தேடக் கூடாது. நேராகப் போலீஸ்காரரிடம் போய்ப் பேரும் ஊரும் சொல்ல வேண்டும். தினமும் தலை பின்னும்போது ஒப்பிக்க வைப்பேன். சட்டத்தை மீற முடியாது. சடை என் கையில் இருக்கும்.

அடுத்த வருடம்தான் அந்தக் கப்பல் வந்தது.

நூறு வருடத்துக்கு மேல் பழைய பாய்மரக் கப்பல். ஏதோ ஒரு நாட்டில் மக்கிக் கிடந்ததை எடுத்து, பலகை பலகையாகச் சரிசெய்து, மறுபடி கடலில் விட்டு ஊர் ஊராகக் கொண்டு போகிறார்களாம். சென்னைத் துறைமுகத்தில் நாலு நாள் நிற்கும், பொதுமக்கள் உள்ளே போய்ப் பார்க்கலாம் என்று பேப்பரில் போட்டிருந்தது. எங்கள் தெருவில் ஏகாம்பரம் அண்ணன் அதை எல்லார் வீட்டிலும் போய்ப் படித்துக் காட்டினார். அவருக்கு மூன்று தறி, எங்களுக்கு இரண்டு. அதனால் தெருவில் அவர் சொன்னால் வேன் கிளம்பும்.

“கப்பல்னா இன்னான்னு நெனச்ச? பெரிய தறிதான்பா அது. பாதி மரம், பாதி கயிறு,” என்றார்.

எல்லாரும் கப்பலைப் பற்றிப் பேசினார்கள். நான் தண்ணீரைப் பற்றி யோசித்தேன். பேப்பர் படத்தில் அந்தக் கப்பலின் கைப்பிடிக் கம்பி என் இடுப்பளவுகூட இருக்காது போலிருந்தது. எட்டு வயதுப் பிள்ளை எட்டிப் பார்த்தால் என்ன ஆகும்? அன்று முழுக்க அவளைப் பத்துப் பன்னிரண்டு முறை கடலில் தள்ளி, மனசுக்குள்ளேயே குதித்துக் காப்பாற்றினேன். (எனக்கு நீச்சல் தெரியாது. அந்த விவரம் மூன்றாவது முறை குதித்தபோதுதான் நினைவுக்கு வந்தது.)

“வராதன்னு சொல்லிடு. வேணாம்னா வேணாம்,” என்றார் என் வீட்டுக்காரர் மாணிக்கம், தறிக்குழிக்குள் இருந்தபடியே.

“தெருவே போவுது. அவள மட்டும் எப்பிடி விட்டுட்டுப் போறது?”

“அப்ப கட்டிப்போட்டுக் கூட்டிக்கினு போ.”

அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். நான் மூன்றாம் வகுப்பு டீச்சர். யார் எதைச் சொன்னாலும் எழுதி வைத்துக்கொள்கிற பழக்கம்.

தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் நூல் சுற்றி வைக்கிற குச்சி ஒன்று உண்டு, தார்க்குச்சி என்போம். அதில் பெரிதாக ஒன்றை எடுத்து, நான்கு இழை முறுக்கிய பட்டை நூறு அடிக்குக் குறையாமல் சுற்றிக்கொண்டேன். குச்சி என் கையில் இருக்கும், மறுமுனை தீபா கையில். அவள் நடந்தால் நூல் விடும். நின்றால் நான் சுற்றிக்கொள்வேன். மெல்லியது, பார்க்கிறவர் கண்ணுக்குப் படாது. ஆனால் ஆள் போட்டு இழுத்தாலும் அறாது. மணிக்கட்டில் கட்டினால் சதையை அறுக்கும் என்று, அவள் போட்டிருந்த ரோஸ் நிற ரப்பர் வளையலில் கட்டினேன். இழை அறுந்தால் தறியில் போடுகிற முடிச்சு. அது தானாக அவிழ்ந்ததாகச் சரித்திரம் இல்லை.

முடிச்சைப் பற்றி அவ்வளவு யோசித்தவள் வளையலைப் பற்றிக் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

சங்கேதமும் வைத்துக்கொண்டோம். நான் இரண்டு முறை இழுத்தால் “இருக்கியா?” என்று அர்த்தம். பதிலுக்கு அவள் இரண்டு முறை இழுத்தால் “இருக்கிறேன்.” ஸ்ரீபெரும்புதூர் தாண்டுவதற்குள் வேனில் பதினோரு முறை ஒத்திகை பார்த்தேன். அவள் என் மடியில்தான் உட்கார்ந்திருந்தாள்.

துறைமுகத்தில் இறங்கி, நீண்ட வரிசையில் நின்று, கப்பலுக்குப் போகும் சரிவுப் பலகையை நெருங்கினோம். முன்னால் போன ஏகாம்பரம் அண்ணன் மனைவி லோகு அக்கா நின்றுவிட்டார். எண்ணெய் போட்டுத் துடைத்த மரத்தளம், பளபளவென்று பித்தளை, நடுவில் கொடிமரம் மாதிரி வானத்தைத் தொடும் மரம், அதைச் சுற்றி வளையங்கள். கோயில் ஊர்க்காரர் கால்களுக்கு வேறென்ன தோன்றும்? செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். பின்னாலேயே எங்கள் வேன் மொத்தமும் கழற்றியது. எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் ஏதோ விதிமுறை போலிருக்கிறது என்று அவர்களும் கழற்றினார்கள். கால் மணி நேரத்தில் கரையில் ஒரு செருப்பு மலை. நுழைவாயிலில் நின்ற வெள்ளைக்கார மாலுமி குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தான், பிறகு எங்களைப் பார்த்தான். அவனும் கழற்றிவிடலாமா என்று யோசித்த மாதிரிதான் தெரிந்தது.

நடுமரத்துக்கு முன்னால் லோகு அக்கா விழுந்து கும்பிட்டதை நான் இங்கே விவரிக்கவில்லை. அவர் இன்னும் எங்கள் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார்.

மேல்தளத்தில் குழந்தைகளுக்கென்று ஒரு வரிசை இருந்தது. கப்பலைத் திருப்புகிற பெரிய சக்கரத்தைப் பிடித்துப் பார்க்கலாம். தீபா அங்கே போய் நின்றாள். எங்களைப் பின்னாலிருந்து கூட்டம் கீழ்த்தளத்துக்குத் தள்ளியது.

“நீ போய்ப் பாரு. நான் இவள பாத்துக்கறேன்,” என்றார் வீட்டுக்காரர். அப்போதே அவர் கண் தீபாமேல் இல்லை, தலைக்கு மேலே போன கயிறுகளிலும் உருளைகளிலும் இருந்தது. மற்ற நாளாக இருந்தால் நகர்ந்திருக்க மாட்டேன். ஆனால் கையில் தார்க்குச்சி இருக்கிறதே. அந்தத் தைரியத்தில் ஏணி மாதிரி நெட்டுக்குத்தாக இருந்த படியில் நூலை விட்டுக்கொண்டே இறங்கினேன்.

கீழே அரை இருட்டு. தாழ்ந்த கூரை. தூளி மாதிரி தொங்கும் படுக்கைகள், ஒரு பீரங்கி, பெரிய அடுப்பு. கல்லூரி மாணவி ஒருத்தி வழிகாட்டியாக நின்று தமிழில் விளக்கிக்கொண்டிருந்தாள். நான் இரண்டு முறை நூலை இழுத்தேன்.

மேலே எங்கோ ‘டிங் டிங்’ என்று மணி அடித்தது. ஒரு நொடி கழித்து என் விரலில் இரண்டு இழுப்பு. இருக்கிறாள். நிம்மதி.

“கப்பல்ல நேரம் சொல்றதுக்கு மணி அடிப்பாங்க. அரை மணிக்கு ஒரு தரம்,” என்றாள் வழிகாட்டிப் பெண்.

நல்ல ஏற்பாடு என்று நினைத்தேன். ஒரு நிமிடம் கழித்து மறுபடி இழுத்தேன். ‘டிங் டிங்.’ விரலில் இரண்டு இழுப்பு. வழிகாட்டிப் பெண் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னொரு நிமிடம் கழித்து இழுத்தேன். ‘டிங் டிங்.’

“அரை மணின்னு சொன்னியேம்மா,” என்றார் ஏகாம்பரம் அண்ணன்.

தெரியாது என்று சொல்ல மனசு வராத வயசு அந்தப் பெண்ணுக்கு. குரலைத் தாழ்த்திக்கொண்டு, “இந்தக் கப்பல்ல ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி ஒரு மாலுமி மணிக்குப் பக்கத்துலயே செத்துட்டாராம். சில சமயம் யாரும் தொடாமலே அடிக்கும்னு சொல்றாங்க,” என்றாள்.

(இதை யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது.)

செத்த மாலுமி மேலே, என் பிள்ளையும் மேலே. படபடவென்று நூலை இழுத்தேன்.

‘டிங் டிங் டிங் டிங்.’

லோகு அக்கா “பெருமாளே” என்று என் தோளைப் பிடித்தார். அவர் பிடித்ததில் என் கை உதறியது. ‘டிங் டிங்.’ ஒரு குழந்தை அழுதது. அழுகை கேட்டால் நான் சும்மா இருப்பேனா? இழுத்தேன். மணி அடித்தது. பயம் வந்தால் இழுக்கிறேன், இழுத்தால் மணி அடிக்கிறது, மணி அடித்தால் பயம் வருகிறது. இதில் எது முதலில் வருகிறது என்று நின்று பார்க்கிற நிலையில் நான் இல்லை. எல்லாருக்கும் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற டீச்சருக்கு, இரண்டையும் இரண்டையும் கூட்டத் தெரியவில்லை.

தொடர்ந்து மணி அடித்தால் கப்பலில் தீ என்று அர்த்தமாம். இது எனக்குத் தெரியாது. மாலுமிகளுக்குத் தெரியும்.

மேலே தடதடவென்று பூட்ஸ் சத்தம். யாரோ என்னவோ கத்தினார்கள். வழிகாட்டிப் பெண்ணும் கத்தினாள்: “எல்லாரும் கீழ எறங்குங்க... இல்ல, மேல ஏறிக் கீழ எறங்குங்க.” கூட்டம் படியில் ஏறியது. நானும் நூலைச் சுற்றிக்கொண்டே ஏறினேன். எல்லார் கால்களுக்கும் நடுவில் நூல் புகுந்து, ஒருவர் கைப்பையில் மாட்டி, படியின் கைப்பிடியைச் சுற்றி, ஏகாம்பரம் அண்ணனின் மூக்குக்கண்ணாடியை ஒரு காதிலிருந்து எடுத்துத் தொங்கவிட்டிருந்தது. நான் எதையும் பார்க்கவில்லை. நூலின் மறுமுனையில் என் பிள்ளை இருக்கிறாள். அது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

மேல்தளத்துக்கு வந்தேன். நூல் நேராகப் போய்ச் சக்கரத்துக்குப் பக்கத்தில் தொங்கிய ஒரு பித்தளை மணியில் முடிந்தது. மணியின் நாக்கிலிருந்து தொங்கிய பின்னல் கயிற்றில், ரோஸ் நிற ரப்பர் வளையல் மாட்டியிருந்தது. ஆடி ஆடி, என்னை இன்னும் மெல்ல இரண்டு முறை இழுத்தது.

சக்கரத்தருகே குழந்தைகள் வரிசை இல்லை. யாருமே இல்லை.

கம்பியைப் பிடித்துக் கீழே எட்டிப் பார்த்தேன். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே ஒரு சந்து அளவு தண்ணீர். கறுப்பாக, எண்ணெய் மிதக்க, ஒரு வாழைப்பழத் தோல் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் பாவாடை நிறத்தைத் தேடினேன். மஞ்சள். வாழைப்பழத் தோலும் மஞ்சள். அந்த ஒரு நொடியை என்னிடமிருந்து யாராவது வாங்கிக்கொண்டால் நல்லது.

“பாப்பா எங்க?” என்றேன்.

என் வீட்டுக்காரர் கயிற்று உருளையிலிருந்து திரும்பினார். சக்கரத்தைப் பார்த்தார், மணியைப் பார்த்தார், வளையலைப் பார்த்தார்.

அப்போது தாடி வைத்த மாலுமி ஒருவன் படியில் சிக்கியிருந்த நூலைப் பார்த்துவிட்டு, இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தான்.

“அறுக்காதபா,” என்று ஒரு குரல் வந்தது. ஏகாம்பரம் அண்ணன். தொங்கும் கண்ணாடியோடு பாய்ந்து போய் மாலுமி கையைப் பிடித்துக்கொண்டார். “பட்டு அது. அறுக்கக் கூடாது. இரு, நாங்க எடுத்துக் குடுக்கறோம்.”

சிக்கு விழுந்த பட்டைக் கண்டால் எங்கள் தெரு ஆட்களுக்குக் கை நிற்காது. சாப்பாட்டு இலையில் உட்கார்ந்திருந்தாலும் எழுந்து வந்து சிக்கு எடுப்பார்கள். ஐந்து ஆண்கள் படியைச் சுற்றிக் குந்திக்கொண்டார்கள். பின்னால் நூறு பேர் ஏறி வர வழியில்லாமல் நிற்கிறார்கள். கப்பல் எரிகிறதென்று மாலுமிகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். என் பிள்ளையைக் காணோம். ஏகாம்பரம் அண்ணன், “அந்த எழைய லூசா வுடு, இழுக்காத. கீழ இருந்து வா,” என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். என் வீட்டுக்காரரோ ஒரு பக்கம் “தீபா, தீபா” என்று கூப்பிட்டுக்கொண்டே, கை தன்பாட்டுக்கு ஒரு முடிச்சை நெகிழ்த்திக்கொண்டிருந்தார். (அதை அவர் இன்றும் மறுக்கிறார். நான் பார்த்தேன்.)

அந்த நேரத்தில்தான் கரையிலிருந்து ஒலிபெருக்கி பேசியது.

“காஞ்சிபுரத்திலிருந்து வந்திருக்கும் விமலா டீச்சர் காணாமல் போய்விட்டதாக அவருடைய மகள் தீபா புகார் கொடுத்துள்ளார். வயது முப்பத்து நான்கு. பச்சைப் புடவை. கையில் நூல் வைத்திருப்பார். அடையாளம்...” இங்கே ஒலிபெருக்கி ஒரு கணம் நின்றது. யாரையோ கேட்டுக்கொண்டது. “அடிக்கடி பயப்படுவார். யாராவது கண்டால் காவல் உதவி மையத்துக்கு அழைத்து வரவும்.”

மானம் கப்பலேறிவிட்டது என்று மற்றவர்கள் பேச்சுக்குச் சொல்வார்கள். என்னுடையது வரிசையில் நின்று, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறியது.

சரிவுப் பலகையில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. பந்தலுக்குக் கீழே, ஒரு பெண் போலீஸ் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தீபா பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

“பாருங்க, இவங்கதான் எங்கம்மா,” என்றாள், தொலைந்த குடையை அடையாளம் காட்டுகிற மாதிரி.

கட்டிக்கொண்டேன். பிறகு அடித்தேன். பிறகு மறுபடி கட்டிக்கொண்டேன். பெண் போலீஸ் என்னைத்தான் அதட்டினார். “குழந்தைய எதுக்குமா அடிக்கிற? அது தெளிவா வந்து பேர் ஊரு எல்லாம் சொல்லிச்சு. நீதான காணாம போன?”

“எதுக்குடி வளையல கழட்டின?” என்றேன்.

“பின்னாடி நின்ன பையன் ‘இன்னா, உன்ன நாய்க்குட்டி மாரி கட்டிக்கினு வந்துருக்காங்க’ன்னு சொன்னான். அதான் கழட்டி மாட்டிட்டேன். சக்கரத்தப் புடிச்சிட்டு வந்து போட்டுக்கலாம்னு.”

“அத மணியிலயா மாட்டுவ?”

“கீழ போட்டா தொலஞ்சிடும், பத்திரமா வையின்னு நீதான சொல்லுவ.”

மணி அடித்ததும் மாலுமிகள் முதலில் குழந்தைகளைத்தான் கரையில் இறக்கினார்களாம். அப்பாவைக் கூப்பிட்டாளாம், அவர் திரும்பவில்லையாம். கூட்டத்தில் பிரிந்தால் தேடக் கூடாது, நேராகப் போலீஸ். சட்டப்படி நடந்த ஒரே ஆள் அவள்தான்.

கப்பலை ஒரு மணி நேரம் மூடிவைத்துத் தீயைத் தேடினார்கள். இறங்கிய கூட்டம் செருப்பைத் தேடியது. அந்தச் செருப்பு மலையைப் பிரித்தது பற்றி எழுதினால் இதைவிடப் பெரிதாகப் போகும். என் வீட்டுக்காரர் இரண்டும் இடது கால் செருப்பாகப் போட்டுக்கொண்டு ஊர் திரும்பினார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கடைசியில் ஏகாம்பரம் அண்ணன் வந்தார். நூல் முழுதாக, ஒரு அறுப்பு இல்லாமல், தார்க்குச்சியில் அழகாகச் சுற்றியிருந்தது. கூடவே கப்பலின் கேப்டன். நல்ல உயரம், நரைத்த மீசை. நூலின் முனையை வாங்கி இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். அறவில்லை. மறுபடி மூச்சைப் பிடித்து இழுத்தார். பிறகு சிரித்துக்கொண்டே நீளமாக ஏதோ சொன்னார். வழிகாட்டிப் பெண் மொழிபெயர்த்தாள்:

“இந்தக் கப்பல் எத்தனையோ புயலப் பாத்திருக்குதாம். காஞ்சிபுரத்த இப்பதான் பாக்குதாம்.”

அவர் அதைத்தான் சொன்னாரா என்று எனக்குச் சந்தேகம். அந்தப் பெண்ணின் மொழிபெயர்ப்பில் எனக்கு அதற்குள் நம்பிக்கை போயிருந்தது.

வேனில் திரும்பும்போது யாரும் என்னிடம் பேசவில்லை. பூந்தமல்லி தாண்டியதும், இருட்டத் தொடங்கிய வேனுக்குள் பின் இருக்கையிலிருந்து ஒரு குரல் மெல்ல “டிங்” என்றது. கொஞ்சம் பொறுத்து முன்னாலிருந்து இன்னொரு “டிங்”. வாலாஜாபாத் திருப்பம் வருவதற்குள் வேன் மொத்தமும் கப்பலாகிவிட்டது. மடியில் உட்கார்ந்திருந்தவளும் சேர்ந்து அடித்தாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எனக்குப் பதில் சொல்ல வார்த்தை தேவையில்லை. கேஸை மூடினோமா என்று மூன்றாம் முறை கேட்டால், டிங். மழை வரும், குடை எடுத்துக்கொள் என்றால், டிங். தெருவில் என்னைக் கடக்கும்போது ஏகாம்பரம் அண்ணன் சைக்கிள் மணியை இரண்டு முறை அடிப்பார். மற்றவர்களுக்கு ஒரு முறைதான்.

தீபா இப்போது கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொள்வோம். மற்ற நாட்களில் சாயங்காலம் ஏழு மணிக்கு இரண்டு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இரண்டு என்றால், இருக்கிறேன். ஒரு நாள் தவறியதில்லை. ஏழு என்றால் ஏழு. பெண் பொறுப்பாகிவிட்டாள் என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் ஒரு நாள், இரண்டு மிஸ்டு கால் வந்து, மனசு ஆறி, கல்லில் தோசை ஊற்றினேன். அவளுடைய போர்வையை அனுப்பட்டுமா என்று கேட்க வேண்டியது நினைவுக்கு வந்தது. உடனே திரும்பக் கூப்பிட்டேன். வேறொரு பெண் எடுத்தாள்.

“ஆன்ட்டி, நான் அவளோட ரூம்மேட். தீபா ஃப்ரெண்ட்ஸோட சினிமாவுக்கு... இல்ல ஆன்ட்டி, லைப்ரரிக்குப் போயிருக்கா.”

“அப்ப ஏழு மணிக்கு மிஸ்டு கால் குடுத்தது யாரு?”

“நான்தான் ஆன்ட்டி. ரெண்டு குடுக்கணும்னு சொல்லி ஃபோன வச்சிட்டுப் போவா.”

“எத்தன நாளா?”

நேர்மையான பெண். கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொன்னாள்.

“சேந்த நாள்லருந்து ஆன்ட்டி.”

ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். தோசை தீய்ந்த வாசனை வந்தது. தறியில் இருந்த மனுஷன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. நாடாவை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் தள்ளிவிட்டு, “டிங்” என்றார்.